கடைசிப் பாய்

காஞ்சிபுரம்
12-2-1968

அன்புள்ள தங்கை மரியம்மாளுக்கு அண்ணன் மாசிலாமணி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

நானும் உன் அண்ணி பட்டம்மாளும் ஆண்டவர் கிருபையில் இருக்கிறோம். தங்கவயலில் நீ எப்படி இருக்கிறாய்? சுரங்கத்தில் இறங்கி ஏறும் மாப்பிள்ளை சிட்டிபாபுவுக்கு இருமல் குறைந்ததா?

நம் சபையில் எனக்கு நடந்ததை மற்றவர் வாயால் நீ கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். இருபத்தாறு வருஷமாக ஞாயிறுதோறும் வேதபாடம் வாசித்தவன் நான். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. சாயத் தொட்டிக்கு விறகு தள்ளிக்கொண்டே, மனப்பாடமாகத் தெரிந்த வசனங்களின்மேல் விரல் வைத்துப் பார்த்துப் பார்த்து எழுத்தைப் பிடித்தவன். இது உனக்கும் தெரியும், சபைக்கும் தெரியும்.

புது வருஷத்தின் முதல் ஞாயிறு. ஒருவரில் ஒருவர் அன்பாயிருப்பதைப் பற்றிய பாடம். பாதியில் மூச்சு வாங்க நின்றேன். அதற்குள் அருள்தாஸ் எழுந்து வந்து என் கையிலிருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டான். "பக்கம் ஒட்டிக்கிச்சு பெரிப்பா" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, மீதியை அவனே வாசித்தான். எந்தப் பக்கமும் ஒட்டவில்லை. ஆலயத்துக்குள் நின்றுகொண்டு பொய் சொன்னான். அடுத்த வாரமே பாடம் வாசிக்க வேறு ஆள் என்று கமிட்டியில் தீர்மானம். இப்போது அவன்தானே செயலாளர். பள்ளிக்கூட வாத்தியார். செத்துப்போன என் சிநேகிதன் சாமுவேலுடைய பிள்ளை. ஞானஸ்நானத்தின்போது அவனைக் கையில் ஏந்தி நின்றவன் நான்.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அன்று போதகர் மேசையிலிருந்து சமாதானம் கொடுப்பது உங்கள் சபையிலும் உண்டு. ஒருவர் கை கூப்பி நீட்ட, அடுத்தவர் அதைத் தன் இரண்டு கைகளுக்குள் வாங்கி, தனக்கு அடுத்தவருக்குக் கொடுப்பார். பாய்க்குப் பாய் அப்படியே பின்னால் போகும். ஆண்கள் பக்கம் நாலு பாய். மூன்றாம் பாயின் ஓரத்தில் நான். என் பக்கத்தில் அருள்தாஸ். அவன் கையிலிருந்துதான் எனக்கு வர வேண்டும். இந்த மாதம் அவன் கை நீட்டியபோது என் கைகளைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டேன். அவன் சபையின் முன் மன்னிப்புக் கேட்கும்வரை அவை அங்கேதான் இருக்கும்.

உன் நலத்துக்காக ஜெபிக்கும்,
மாசிலாமணி


தங்கவயல்
2-3-1968

மரியாதைக்குரிய அண்ணனுக்கு மரியம்மாள் எழுதிய கடிதம். உங்களுக்கும் அண்ணிக்கும் ஸ்தோத்திரம். இங்கே குளிர் விட்டது. அவருக்கு இருமல் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் வேலைக்குப் போகிறார்.

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "எங்க சுரங்க வாசல்ல, கையை விரிச்சுக் காட்டினாத்தான் வெளிய விடுவான். உங்கண்ணன் இப்படிக் கையை மூடி வச்சிருந்தா, உள்ள தங்கம் இருக்குதுன்னு சோதனை போடப் போறாங்க" என்றார். கோபப்படாதீர்கள், அவர் பேச்சு அப்படித்தான்.

எனக்கு இரண்டு விஷயம் விளங்கவில்லை. அருள்தாஸ் சின்ன வயதில் உங்கள் மடியைவிட்டு இறங்காத பிள்ளை. அவன் ஏன் திடீரென்று புத்தகத்தைப் பிடுங்க வேண்டும்? நீங்கள் மூச்சு வாங்கத்தான் நின்றீர்களா? இன்னொன்று, மூன்றாம் பாயில் நீங்கள் வாங்காவிட்டால் நாலாம் பாய்க்கு எப்படிப் போகும்?

இரண்டுக்கும் பதில் எழுதுங்கள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
மரியம்மாள்


காஞ்சிபுரம்
14-3-1968

தங்கை மரியம்மாளுக்கு, ஸ்தோத்திரம். இருவரும் சுகம். மாப்பிள்ளையைத் தேன் சாப்பிடச் சொல். அவருடைய வேடிக்கைப் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றும் சொல்.

நாலாம் பாயைக் கேட்டாய். அங்கே இருப்பவர்கள் நம் பழைய ஊர் தாமல் ஆட்கள்தான். பொங்கல் கழித்து ஞானஸ்நானம் பெற்ற ஆறு ஆண்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் இன்னும் வரத் தொடங்கவில்லை. முனிசாமி என்பவன் அவர்களுக்குப் பெரியவன். பொழுது விடியும் முன்னே கிளம்பி நடந்தே வருகிறார்கள். ஆராதனை முடிந்ததும் பாய்களைச் சுருட்டி வைப்பதும் அவர்களே.

இந்த மாதமும் அருள்தாஸ் கை நீட்டினான், நான் வாங்கவில்லை. எனக்குப் பின்னால் அவன் எட்டி முனிசாமிக்குக் கொடுக்கப் பார்த்தான். நான் நடுவில் இருக்கும்போது வாங்கக்கூடாது என்று முனிசாமி கையை இழுத்துக்கொண்டான். தாமல் ஆட்களுக்கு இருக்கும் மரியாதை வாத்தியாருக்கு இல்லை.

போதகர் வெளியே என்னை நிறுத்தி, பின்னால் இருக்கிறவர்களுக்காகவாவது கொடுக்கக்கூடாதா என்று கேட்டார். நான் கேட்டேன், வாங்காததை எப்படி ஐயா கொடுப்பது? என்னிடம் இல்லாததை இருப்பதுபோல நடிக்கச் சொல்கிறீர்களா? ஏழு ஊர் சபையைப் பார்க்கிறவர், அடுத்த ஊருக்குச் சைக்கிள் ஏறிவிட்டார். இதையே நான் கமிட்டியிலும் சொன்னேன், தெருவிலும் சொன்னேன்.

சாயப்பட்டறை வேலையை விட்டுவிட்டேன். முதலாளி கோதண்டபாணி முதலியாரின் சுபாவம் முன்போல் இல்லை. நாற்பது வருஷம் நூல் முக்கியது போதும்.

அண்ணன்,
மாசிலாமணி


தங்கவயல்
30-3-1968

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கமும் ஸ்தோத்திரமும். இங்கே சுகம். அங்கே சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள், நான் நம்பவில்லை.

கோதண்டபாணி முதலியார் என் கல்யாணத்துக்கு வீடு தேடி வந்து வெற்றிலை பாக்கோடு மொய் வைத்தவர். அவர் சுபாவம் எப்படிக் கெடும்? உங்கள் கடிதத்தில் ஒரு வரி இன்னொரு வரிமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கோடு போடாத தாளிலும் நூல் பிடித்தாற்போல எழுதுகிறவர் நீங்கள். முதல் கேள்விக்கும் பதில் வரவில்லை. உடம்புக்கு என்ன?

தங்கை,
மரியம்மாள்


தங்கவயல்
20-5-1968

அண்ணா, ஏழு வாரமாகக் கடிதம் இல்லை. ஈஸ்டருக்கு அனுப்பிய துணி வந்ததா? தபால்காரர் எங்கள் வரிசை வீடுகளுக்குத் திரும்பும்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போகிறேன். அடுப்பில் வைத்தது இரண்டு முறை தீய்ந்துவிட்டது. ஒரு வரியாவது போடுங்கள்.

மரியம்மாள்


காஞ்சிபுரம்
2-6-1968

மரியம்மாளுக்கு. சுகம். துணி வந்தது. அண்ணி உடுத்தினாள்.

என் எழுத்தைப் பற்றி விசாரணை வேண்டாம். பேனா சரியில்லை. இன்றும் வாங்கவில்லை. இது ஐந்தாவது மாதம். அவனும் இடத்தை மாற்றவில்லை, நானும் மாற்றவில்லை.

மாசிலாமணி


காஞ்சிபுரம்
18-6-1968

எழுதுவது எதிர்வீட்டு கங்கையம்மாள். அத்தை சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.

மரியம்மா, நல்லா இருக்கிறியாமா? உன் வூட்டுக்காரு நல்லா இருக்கிறாரா? நான் பட்டம்மாள் பேசுறேன். உங்கண்ணன் ஏரிப்பக்கம் போயிருக்காரு, அதுக்குள்ள சொல்லிடுறேன்.

அவருக்குக் கண்ணு தெரியலமா. ஒரு வருசமாவே மங்கிக்கினு வந்திருக்குது, என்கிட்டயே சொல்லல. கூழுல ஈ விழுந்தாலும் குடிக்கிறாரு. பட்டறையில கல்யாணப் புடவைக்கு வந்த நூலைத் தப்பான தொட்டியில முக்கிட்டாரு. அரக்கு வரவேண்டியது கத்திரிப்பூவா வந்திருச்சு. மொதலியாரு ஒரு வார்த்தை திட்டல. "வூட்ல இரு மாசிலாமணி"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. திட்டியிருந்தாக்கூட இவருக்கு ஆறியிருக்கும்.

சர்ச்சில நடந்ததும் அதான். அவரு புத்தகத்தைப் பாத்துப் படிக்கல, எல்லாம் மனப்பாடம். அன்னிக்கு நடுவுல மறந்துபோச்சு. குனிஞ்சு பாக்குறாரு, எழுத்து தெரியல. நின்னுக்கினே இருக்காரு. முன்பாய்ப் பசங்க சிரிக்க ஆரம்பிச்சிடுச்சுங்க. அருள்தாசுதான் ஓடியாந்து, பக்கம் ஒட்டிக்கிச்சுன்னு பேர் பண்ணி வாங்கிப் படிச்சான். அவரு மானத்தைக் காப்பாத்தத்தான் பொய் சொன்னான். அது இவருக்கும் தெரியும்மா. தெரிஞ்சதாலதான் கோவம்.

உன் கடுதாசி வந்தா, "நீ ஒழுங்கா படிக்கிறியா பாக்கலாம்"னு கங்கையம்மாளைப் படிக்கச் சொல்லிக் கேக்குறாரு. நான் சொன்னேன்னு எழுதிடாத. கண்ணைவிட கௌரவம் பெருசு அவருக்கு. ஆஸ்பத்திரின்னு வாயெடுத்தா சோறு வேணாம்னுடுவாரு.

வரேன்மா.


தங்கவயல்
1-7-1968

அன்புள்ள அண்ணாவுக்கு ஸ்தோத்திரம். எல்லாரும் சுகம். வீட்டில் தாள் நிறைய இருந்தது, அதனால் பெரிய எழுத்தாக எழுதுகிறேன்.

இரண்டு நாளாக அப்பா நினைவு. தாமல் ஏரி மடையைத் திறந்து வாய்க்காலைக் காத்தவர் அவர். நமக்கென்று அங்கே ஒரு சாண் வயல் இல்லை. ஆனாலும் கடைசி வயலில் கால் வைத்து, ஈரம் எட்டியதா என்று பார்த்த பிறகுதான் சோற்றில் கை வைப்பார்.

ஒரு வருஷம் மேல்வயல்காரர்கள் இருவருக்குள் வரப்புச் சண்டை. ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த கோபத்தில் வாய்க்காலை மண் போட்டு அடைத்தார்கள். உங்களுக்கு அப்போது பதினாறு வயது இருக்கும். கருகியது அந்த இருவரின் பயிர் அல்ல. வாய்க்கால் கடைசியில் இருந்த எல்லம்மாளின் கால் காணி. அப்பா மண்வெட்டியோடு போனார். அவர்கள் அடிக்க வந்தார்கள். "சண்டை உங்களுது, தண்ணி உங்களுது இல்ல" என்று சொல்லிவிட்டு வெட்டினார். நீங்கள்தான் பக்கத்தில் நின்றீர்கள். எனக்கு இதைச் சொன்னதும் நீங்களே.

வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை. அண்ணிக்கு என் அன்பு.

மரியம்மாள்


காஞ்சிபுரம்
3-9-1968

மரியம்மாளுக்கு அண்ணன் எழுதுவது. ஸ்தோத்திரம். உடம்பு இருக்கிறது.

உன் கடிதத்தை நானே வாசித்தேன். ஏன் அவ்வளவு பெரிய எழுத்து என்று கேட்கப்போவதில்லை. யார் சொன்னது என்பது எனக்குத் தெரியும். அவள் அடுப்பங்கரையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருக்கிறாள். அப்பாவை ஏன் இழுத்தாய் என்று உன்மேல் கோபம் வந்தது. அதனால்தான் இரண்டு மாதம் எழுதவில்லை.

இப்போது ஒன்று நடந்துவிட்டது. எனக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, நடந்தால் போக இடமில்லை. அதனால் எழுதுகிறேன். எழுத்துப் புரியாவிட்டால் யாரையாவது வைத்து வாசி.

ஆகஸ்ட் மாதத் திருவிருந்து முடிந்து எல்லாரும் போன பிறகு முனிசாமி என்னிடம் வந்தான். பாயைச் சுருட்டப்போகிறவன், சுருட்டாமல் நின்றான்.

"பெரியவரே, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?"

கேள் என்றேன்.

"அந்தக் கை குடுக்குறாங்களே, அது எங்களுக்கு எப்போ? ஒரு வருசம் ஆவணுமா, ரெண்டு வருசம் ஆவணுமா?"

எனக்குப் புரியவில்லை, அவனே சொன்னான். மாசாமாசம் அது மூன்றாம் பாயோடு நின்றுவிடுகிறது. புதிதாக வந்தவர்களுக்கு, அதுவும் சேரியிலிருந்து வந்தவர்களுக்கு, இங்கேயும் அப்படி ஒரு கட்டு இருக்கும்போல என்று ஆறு பேரும் நினைத்திருக்கிறார்கள். அன்றைக்கு வாத்தியார் எட்டிக் கொடுக்க வந்ததைக்கூட, தெரியாமல் செய்கிறார், வாங்கினால் பெரியவர் கோபிப்பார் என்று எண்ணித்தான் கையை இழுத்தானாம். நான் அதை மரியாதை என்று உனக்கு எழுதினேன்.

"நம்ம வரைக்கும் எதுடா வந்திருக்குதுன்னு பசங்க சொல்லிட்டானுங்க. நான்தான் கேட்டுப் பாக்குறேன்னேன்" என்றான்.

எங்கள் சண்டை ஊருக்கெல்லாம் தெரியும். அவர்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. தெரிந்திருக்கும் என்று ஒவ்வொருவரும் நினைத்தோம்.

நான் அவனுக்கு என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "பாயைச் சுருட்டு" என்றேன். அவன் சுருட்டினான்.

நேற்று முன்தினம் திருவிருந்து. நாலாம் பாயை யாரோ விரித்து வைத்திருந்தார்கள். ஒருவரும் வரவில்லை. வழியெல்லாம் பார்த்தேன் என்று எழுதலாம், ஆனால் எனக்கு வழி தெரியவில்லை மரியம்மா. காதால்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாசிலாமணி


தங்கவயல்
9-9-1968

அண்ணா, ஸ்தோத்திரம். தாமலுக்குப் போங்கள். சுருட்டச் சொன்னவர்தான் விரிக்க வேண்டும்.

மரியம்மாள்


காஞ்சிபுரம்
26-9-1968

கர்த்தருக்குள் அன்பான தங்கை மரியம்மாளுக்கு, அண்ணன் மாசிலாமணி சொல்ல, அருள்தாஸ் எழுதுவது.

எழுத்தைப் பார்த்து நீ ஆச்சரியப்பட வேண்டாம். கங்கையம்மாளுக்குக் காய்ச்சல். வேறு ஆள் கிடைக்கவில்லை. நான் சொல்வதில் ஒரு எழுத்தையும் விடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். இதை எழுதும்போதே சிரிக்கிறான். எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

நாங்கள் சுகம். மாப்பிள்ளைக்கு இருமலுக்காக விடுப்புக் கொடுத்தார்களா? எழுது.

நீ போ என்றாய். போனேன். தனியாகத்தான் போனேன். பஸ்ஸின் பெயர்ப் பலகை தெரியவில்லை, கேட்கவும் மனமில்லை. ஏறினேன். இறங்கினால் மாகறல். கோவில் மணி அடிக்கிறது, தாமலில் ஏது இந்த மணி என்று நின்றேன். ஒரு பூக்காரி கைப்பிடித்துத் திரும்பி வரும் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அடுத்த நாளும் போனேன், மறுபடியும் மாகறல். அதே பூக்காரி. "வேண்டுதலா தாத்தா?" என்று கேட்டாள்.

இதை உன் அண்ணி போய்ச் சொல்லியிருக்கிறாள். மூன்றாம் நாள் காலையில் இவன் சைக்கிளோடு வாசலில் வந்து நின்றான். "ஏறு பெரிப்பா" என்றான். பின்னால் ஏறினேன். அவன் இடுப்பைப் பிடிக்கவில்லை, சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தாமல் போய்ச் சேரும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இவன் மட்டும் மேடு வருது, பள்ளம் வருது என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

முனிசாமி ஏரிக்கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்தான். என் குரல் கேட்டு எழுந்து வந்தான். வாங்க என்று சொன்னான், உட்காருங்க என்று சொல்லவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். புதியவர்களுக்கு என்று கட்டுப்பாடு எதுவும் கிடையாது, நடுவில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான், எனக்கும் இந்த வாத்தியாருக்கும் சண்டை, அது உங்களைப் பற்றியது அல்ல என்றேன். அவன் அரிவாளைக் கீழே போட்டான். பிறகு, "அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே பெரியவரே" என்றான். ஆமாம் என்றேன்.

கை நீட்டு முனிசாமி, இப்போதே தருகிறேன் என்றேன். அவன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நீட்டினான். நானும் கையைக் கூப்பினேன். கூப்பியபடியே நின்றுவிட்டேன்.

என்னிடம் என்ன இருக்கிறது கொடுக்க? வாங்காததை எப்படிக் கொடுப்பது என்று போதகரைக் கேட்டவன் நான். ஊரெல்லாம் சொன்னவன் நான். சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கம் எனக்கு இல்லை, அது உனக்கும் தெரியும்.

முனிசாமி நீட்டிய கையோடு நிற்கிறான். ஏரிக் காற்று அடிக்கிறது. நான் சைக்கிள் இருந்த பக்கம் திரும்பினேன்.

"கொண்டா" என்றேன்.

"எதப் பெரிப்பா?"

"பிப்ரவரியிலேருந்து வச்சிருக்கியே, அத."

அவன் சைக்கிளைப் போட்டுவிட்டு வந்தான். அது கீழே விழுந்து மணி அடித்தது. கை நீட்டினான். நான் என் இரண்டு கைகளுக்குள் வாங்கினேன். கையெல்லாம் சைக்கிள் எண்ணெய். ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுதச் சொல்கிறேன்: நான் மன்னிக்கவில்லை. வாங்கினேன். மன்னிப்பது வேறு, அதற்கு நாள் இருக்கிறது. புத்தகத்தை எடுத்தது எடுத்ததுதான். காப்பாற்ற வேண்டும் என்று நான் கேட்டேனா? இதையும் எழுதுடா என்றேன், எழுதுகிறான். இப்போது சிரிக்கவில்லை.

வாங்கியதைத் திரும்பி முனிசாமிக்குக் கொடுத்தேன். அவன் கையைக் குவித்து, ததும்பக் கூடாத ஒன்றைப் பிடித்திருப்பவன்போல நின்றான். "இப்ப நான் யாருக்குத் தரணும்?" என்று கேட்டான். மற்றவர்கள் எங்கே என்றேன். அப்படியே கையைப் பிரிக்காமல் கரைமேல் நடந்து போனான். நாங்கள் பின்னால் போனோம். ஒருவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான், ஒருவன் கூரை வேய்ந்துகொண்டிருந்தவன் இறங்கி வந்தான். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போயிற்று. கடைசி ஆள் வீரபத்திரன். அவனுக்கு அடுத்து ஆள் இல்லை. சுற்றிப் பார்த்தான். பிறகு வீட்டுக்குள் போய்த் தன் பெண்சாதிக்குக் கொடுத்தான். நான் பார்க்கவில்லை. அவள் "எனக்கா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

வருகிற திருவிருந்துக்கு ஆறு பேரோடு அவளும் வருகிறாளாம். மற்றவர்கள் வீட்டில் யோசிக்கிறார்கள்.

கண்ணில் புரை என்கிறார்கள். தை மாதம் அறுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறேன். இவன் கேட்டதற்காக அல்ல, மாகறலுக்கு இனிமேல் போக முடியாது என்பதற்காக. வேதபாடத்தை மறுபடியும் என்னையே மனப்பாடமாகச் சொல்லச் சொல்கிறான். முடியாது என்றுவிட்டேன். வாசிப்பு என்றால் வாசிப்பு. கண் வந்தால் வாசிப்பேன். அதுவரை அவனே வாசிக்கட்டும். பக்கத்தில் நிற்பேன். ஒரு சொல் தப்பினாலும் நானும் புத்தகத்தைப் பிடுங்குவேன்.

உடனே பதில் எழுது. அதில் அருள்தாஸை நன்றாகத் திட்டி எழுது. இனி உன் கடிதங்களை அவன்தான் எனக்கு வாசிக்கப்போகிறான். அவன் வாயாலேயே அதை நான் கேட்க வேண்டும்.

உன் நன்மையை நாடும் அண்ணன்,
மாசிலாமணி